ஹோகோமாருவின் ஆறு மூட்டுகள்

மூட்டு தொளதொளத்துப்போன பொம்மையை நவநீதனால் அரை நாள்கூடச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் அவனுக்கு வார்ப்பு அச்சு வடிவமைக்கும் வேலை. ஆனால் மனம் கிடந்ததெல்லாம் வீட்டின் இரண்டாவது படுக்கையறையில்தான். அங்கே நான்கு கண்ணாடி அலமாரிகள், அவற்றில் முன்னூற்றுச் சொச்சம் ஜப்பான் ரோபோக்கள். பாதி, டப்பாவின் ஒட்டுநாடாவைக்கூடப் பிரிக்காதவை. மீதிப் பாதி, அவன் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, ஒன்றின் தோளை இன்னொன்றுக்கு மாட்டி, சாயம் உரித்து மறுபடி பூசி நிறுத்தி வைத்திருப்பவை. பழசைப் புதுசாக்கவும் தெரியும், புதுசைப் பழசாக்கவும் தெரியும். கோவையில் ரோபோ சேர்க்கிறவர்களின் கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். யார் பொம்மைக்குக் கை கால் போனாலும் முதல் ஃபோன் நவநீதனுக்குத்தான் வரும். விளையாட்டுச் சாமானை வாங்கி விளையாடாமல் வைப்பதில் அப்படி என்ன பெருமை என்று அவன் மனைவி சுகந்தி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

அந்த வீட்டில் விளையாடப்பட்ட ரோபோ ஒன்றே ஒன்றுதான். அது மகள் நிறைமதியின் ஹோகோமாரு.

ஹோகோமாரு வந்த புதிதில் ஊரே அதைப் பற்றிப் பேசியது. ஒரு முழ உயரம், வெள்ளை உடம்பு, சிவப்புத் தோள். குழந்தையின் கணுக்கால்களில் இரண்டு பட்டைகளைக் கட்டிவிட்டால் குழந்தை நடக்கிறபடியே அதுவும் நடக்கும். ஒரு வருடம் அப்படி விளையாடினால் பிறகு பட்டையே வேண்டாம். முதுகில் ஒரு தட்டு தட்டினால் போதும், அந்தக் குழந்தையின் நடையில் தானே நடக்கும். இதில் சிப் இல்லை, இணையம் இல்லை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஆறு மூட்டுகள். அந்த மூட்டுகளின் பிளாஸ்டிக்கே பழகிக்கொள்ளும். 'உங்கள் குழந்தையின் நடை உங்கள் வீட்டை விட்டுப் போகாது' என்று விளம்பரம் செய்தார்கள். நகல் எடுக்கவும் முடியாது என்பதை மட்டும் சின்ன எழுத்தில் போட்டார்கள். நாலே வருடத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். உதிரி மூட்டு உலகத்தில் எங்கேயும் கிடைக்காது.

ஆனி மாதத்தில் ஒரு காலை, பதினொரு வயது நிறைமதி பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும்போது ஒரு டெம்போ இடித்தது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போனது.

சுகந்தி ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். நவநீதன் பகலில் வீட்டுக்கு வந்து மாற்றுத் துணி எடுத்துப்போவான். அப்படி வந்த ஒரு நாள் மகளின் கட்டிலுக்கு அடியில் ஹோகோமாரு கிடப்பதைப் பார்த்தான். முகமெல்லாம் கீறல். நெஞ்சில் அவள் ஒட்டிய மாம்பழ ஸ்டிக்கர். நிறுத்தினால் நிற்காத கால்கள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அதை எடுத்துப்போய் வேலை மேஜையில் வைத்தான். குழந்தை வீட்டுக்கு வரும்போது அதைப் புத்தம் புதுசாக அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அவனுக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கால்களை வெந்நீரில் முக்கி இளக்கி, மூட்டுகளைக் கழற்றினான். தொளதொள மூட்டுக்கு இந்தக் கூட்டத்தார் எல்லோரும் செய்கிற வைத்தியம், நிறமில்லாத நெயில் பாலிஷ். உள்பக்கம் மெல்லிசாக மூன்று தடவை பூசிக் காயவிட்டு மாட்டினால் மூட்டு கிச்சென்று பிடித்துக்கொள்ளும். கீறலைத் தேய்த்தான், ஸ்டிக்கரை உரித்தான், வெள்ளை அடித்தான். நாலு நாள் வேலை. அவன் இதுவரை செய்த வேலைகளிலேயே நன்றாக வந்தது அதுதான். நடக்கவிட்டுப் பார்க்கவில்லை. அவன் எதையும் நடக்கவிட்டுப் பார்க்கிற ஆள் இல்லை.

அடுத்த வாரம் நரம்பு டாக்டர் எஸ்தர் அவர்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"முதுகுத்தண்டுல அறுந்த இடத்துக்கு மேல ஒரு சின்னக் கருவி வைக்கலாம். நாங்க பாலம்னு சொல்றது. மூளை 'நட'ன்னு சொல்றதை அது கீழ கொண்டுபோகும். ஆனா நடன்னா எப்படி நடக்கறது? எந்தத் தசை எப்ப, எவ்வளவு இறுகணும்? அதைப் பாலத்துக்கு யாராவது சொல்லித் தரணும். அது அந்தக் குழந்தையோட சொந்த நடையா இருந்தா உடம்பு சட்டுனு ஏத்துக்குது."

"வீடியோ நெறைய இருக்குங் டாக்டர்," என்றாள் சுகந்தி.

"வீடியோவுல கால் எங்க போகுதுன்னுதான் தெரியும்மா. எவ்வளவு அழுத்துதுன்னு தெரியாது." டாக்டர் நவநீதனைப் பார்த்தார். "ஹோகோமாருன்னு ஒரு பொம்மை வந்துதே, உங்க வீட்ல இருந்துதா? அந்த ஆறு மூட்டு கிடைச்சாப் போதும், படிச்சிடலாம். இதுவரை ஒன்பது குழந்தைங்களை அப்படித்தான் நடக்க வச்சிருக்கோம்."

சுகந்தி நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "இருக்குதுங். கட்டிலுக்கு அடியில கெடக்குதுங். ஏனுங்க, இருக்குதல்ல?"

"இருக்கு," என்றான் நவநீதன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். டாக்டர், நான் அதை வெந்நீரில் போட்டேன், பாலிஷ் அடித்தேன் என்று இரண்டு வரி. அதைச் சொன்னால் பக்கத்தில் இருக்கிறவளின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்ததும் அதை விழுங்கிவிட்டான். வேறு மாதிரி கேட்டான்.

"ஒருவேளை அது சரியில்லீன்னா டாக்டர்?"

"பொதுவான நடை ஒண்ணு வச்சிருக்கோம். அதுல நிக்கலாம், வாக்கரைப் பிடிச்சுப் பத்தடி போகலாம். அதுக்கு மேல எதிர்பார்க்க வேண்டாம்."

"வேற கொழந்தையோட மூட்டு?"

"அதே வயசு, அதே உயரம்னா சேரலாம். ஆனா அந்தப் பெத்தவங்க கையெழுத்துப் போட்டுத் தரணும். ஏன்னா மூட்டைச் சீவிச் சீவித்தான் படிக்கணும். படிச்சு முடிச்சா மூட்டு இருக்காது. இன்னொண்ணு, வச்ச மூணு வாரத்துல நரம்பு அந்த நடையோட ஒட்டிடும். அப்புறம் மாத்த முடியாது. அதனால சரியானதைக் கொண்டுவாங்க."

வீட்டுக்கு வந்து ஹோகோமாருவை மேஜையில் நிறுத்தி முதுகில் தட்டினான். டக், டக், டக் என்று நேராக நடந்தது. டப்பாவிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்த பொம்மையின் நடை. மறுபடி தட்டினான். இருபது தடவை தட்டினான். வெந்நீர் பட்டால் அந்தப் பிளாஸ்டிக் பழசையெல்லாம் மறந்து அச்சில் வார்த்தபடி ஆகிவிடும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. மகளின் நடையைத் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

அப்போதுதான் அவனுக்குத் தேன்மொழியின் நினைப்பு வந்தது.

தேன்மொழி, கூட்டத்து நண்பன் சிபியின் மனைவி. அவர்களின் மகன் அகரன் நிறைமதியின் வயது. இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தினால் உயரம் ஒரு விரல்கடை வித்தியாசம் இருக்காது. போன வருடம் மூளைக்காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டான். சிபி ஓசூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனவன் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். தேன்மொழி சிங்காநல்லூர் ஃப்ளாட்டில் தனியாக இருந்தாள். தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, அகரனின் ஹோகோமாருவை அதில் நடக்கவிட்டுப் பார்ப்பாள். கூட்டத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நவநீதன் மறுநாள் காலையே அங்கே போனான். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னான். நிறைமதிக்காக அவள் அழுதாள். காப்பி கொடுத்தாள்.

"பொம்மை நெஞ்சுல பெயிண்ட் உரிஞ்சு கெடக்குதே அம்மணி. குடு, ரெண்டு நாள்ல பண்ணித் தர்றேன்," என்றான்.

"வேண்டாங்ணா. நீங்க இருக்கற நெலமையில எதுக்கு?"

"கையில வேலை இல்லீன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சுரும்." அது மட்டும் பொய்யில்லை.

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு அதை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். "காலை மட்டும் தொட்டுராதீங்ணா. அவன் நடை அதுலதான் இருக்குது. வேற எங்கீமே இல்ல."

"எனக்குத் தெரியாதா அம்மணி," என்றான் நவநீதன்.

இந்தத் தடவை வெந்நீர் பக்கமே போகவில்லை. பொம்மையை ஃப்ரிட்ஜில் வைத்து, பிளாஸ்டிக் குறுகியதும் மெல்லிய தகட்டால் நெம்பி ஆறு மூட்டுகளையும் ஒரு கீறல் இல்லாமல் எடுத்தான். அவற்றை மகளின் பொம்மையில் மாட்டினான். பாலிஷ் அடித்த மகளின் மூட்டுகளை அகரனின் பொம்மையில் மாட்டினான். போட அவனிடம் வேறு மூட்டு இல்லை. பிறகு மகளின் பொம்மையைப் பழசாக்கினான். சுகந்திக்குச் சந்தேகம் வரக்கூடாதே. முகத்தில் எந்தெந்த இடத்தில் கீறல் இருந்தது என்று அவனுக்கு மனப்பாடம். உப்புத்தாளால் ஒவ்வொன்றாகப் போட்டான். ஸ்டிக்கரை அச்சடித்து, ஓரத்தை நகத்தால் சுரண்டி, அழுக்கைத் தேய்த்து ஒட்டினான். அகரனின் பொம்மைக்கு நெஞ்சில் சொன்னபடியே பெயிண்ட் அடித்தான். வேலை செய்யச் செய்யக் கை நடுங்கவே இல்லை. பிற்பாடு அவனை அதிகம் அருவருக்க வைத்தது இதுதான்.

ஆஸ்பத்திரியில் 'இது என் மகள் பயன்படுத்தியது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். மூட்டுகளைச் சீவிப் படித்தார்கள். "அருமையா இருக்கு, தெளிவான நடை," என்றார் டாக்டர் எஸ்தர். சுகந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தேன்மொழியிடம் பொம்மையைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் உடனே மேஜையில் வைத்துத் தட்டினாள். டக், டக், டக். இன்னொரு முறை தட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்ணா இது?"

"நான் காலைத் தொடவே இல்ல அம்மணி." வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் தடங்கல் இல்லாமல் வந்தன. "இந்தப் பிளாஸ்டிக் அப்பிடித்தான். நாளாக நாளாக மறந்துரும். கம்பெனிக்காரனே சொல்லியிருக்கான்."

அவள் பொம்மையின் கால்களை இரண்டு கையாலும் பிடித்துத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள். "நீங்க எடுத்துட்டுப் போறதுக்கு முந்தின நாள்கூட நடந்தானுங்ணா," என்று மட்டும் சொன்னாள். நவநீதன் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினான்.

ஆவணியில் நிறைமதிக்குப் பாலம் வைத்தார்கள். பத்தாம் நாள் எழுந்து நின்றாள். பதினைந்தாம் நாள் கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் யாரையும் பிடிக்காமல் நடந்தாள். நர்ஸுகள் கை தட்டினார்கள். சுகந்தி பழனிக்கு வேண்டிக்கொண்டதை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நவநீதன் சுவரோடு சுவராக நின்று அந்த நடையைப் பார்த்தான். வலது காலை லேசாக இழுத்துவைத்து, மூன்றடிக்கு ஒரு தரம் சின்னதாக எகிறி நடக்கிற நடை. ஓர் ஆண்பிள்ளையின் நடை. அகரன் கூட்டத்துக்கு அப்பாவோடு வந்து, அலமாரிக்கு அலமாரி அப்படித்தான் எகிறிக்கொண்டு போவான்.

"அப்பா, இது என்னமோ எங்காலு மாதிரியே இல்லப்பா," என்றாள் நிறைமதி.

"ஆபரேஷன் பண்ணுன காலு கண்ணு. பழகப் பழகச் சரியாயிரும்."

"எகிற வேண்டாம்னு நெனச்சாலும் எகிறுது."

மூன்று வாரம் முடியும்வரை அவன் ஒவ்வொரு நாளும் டாக்டர் அறைக்கு வெளியே வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். இருபத்திரண்டாம் நாள் போகவில்லை. அதற்குப் பிறகு அந்த இரண்டாவது படுக்கையறைக் கதவை அவன் திறக்கவில்லை. கூட்டத்துக்கும் போகவில்லை. பெண் நடக்க ஆரம்பித்த வீட்டில் அப்பன் இப்படி இடிந்துபோய்க் கிடக்கிறானே என்று சுகந்திக்குப் புரியவில்லை. கண் பட்டுவிட்டது என்று நினைத்துச் சுற்றிப் போட்டாள்.

தை பிறந்து ஒரு சனிக்கிழமை காலை. நிறைமதியை உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போய்த் திரும்பும் வழியில் தேன்மொழியின் ஃபோன் வந்தது.

"அண்ணா, பொம்மைக்கு நடை வந்துருச்சுங்ணா!" குரல் பதறியது. "தெனமும் ரெண்டு மணி நேரம் நடக்க விட்டுட்டே இருந்தனுங். மறந்தது திரும்ப வராமப் போயிருமான்னு. இப்பப் பத்து நாளா மாறிட்டே வருது. ஆனா... நீங்களே வந்து பாருங்ணா."

சிங்காநல்லூரில் காரை நிறுத்தி, மகளை உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டு அவன் மட்டும் மேலே போனான். ஐந்து மாதமாக நிறைமதியைத் தேன்மொழியின் கண்ணில் காட்டாமல் ஏதேதோ சாக்குச் சொல்லி வந்திருந்தான்.

மேஜையில் ஹோகோமாரு நடந்துகொண்டிருந்தது. இடது குதிகால் முழுசாகப் படவில்லை. தரை சுடுகிற மாதிரி முன்காலிலேயே நடந்து, விளிம்பு வந்ததும் கட்டைவிரலை ஊன்றி ஒரே சுற்றாகத் திரும்பியது. காலையில் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் திரும்பிப் போகிற நிறைமதி.

வெந்நீர் எதையும் அழித்திருக்கவில்லை. அவன் அடித்த பாலிஷ்தான் மேலே மூடியிருந்தது. நடக்க நடக்க அது தேய்ந்து உதிர்ந்துவிட்டது. நெயில் பாலிஷ் தேயும் என்பது கூட்டத்தில் முப்பது பேருக்கும் தெரியும். அவர்களில் ஒருவனும் விளையாடியதில்லை என்பதால் தேய்ந்து யாரும் பார்த்ததில்லை. டாக்டரிடம் அந்த இரண்டு வரியைச் சொல்லியிருந்தால் அவரே சுரண்டி எடுத்துவிட்டுப் படித்திருப்பார்.

"இது எம்பையன் இல்லீங்ணா," என்றாள் தேன்மொழி. "இது வேற யாரோ. பொட்டப்புள்ள மாதிரி தெரியுது. யாருதுங்ணா இது? எம்பையன் எங்கங்ணா?"

அவன் வாயைத் திறந்தான்.

"அப்பா, கார்ல ஒரே வெக்கையா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே நிறைமதி திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்ததும் நின்றாள். முகம் மலர்ந்தது. "அப்பா! இங்க பாருங்க, நான்! நான் இப்பிடித்தான நடப்பேன்?"

அவள் மேஜையை நோக்கி வேகமாக வந்தாள். வலது காலை இழுத்துவைத்து, மூன்றாவது அடியில் எகிறி.

தேன்மொழி மேஜையைப் பார்க்கவில்லை. குழந்தையின் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தக் கால்களையே பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கதவு வரைக்கும் போயிட்டு வா சாமி," என்றாள்.

நிறைமதி அப்பாவைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தான். அவள் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"இன்னொருக்கா."

மறுபடி போய் வந்தாள். தேன்மொழி கையை நீட்டி, அந்த வலது கணுக்காலை மெதுவாகத் தொட்டாள்.

"வலிக்குதா சாமி?"

"வலிக்கலைங் அத்தை. ஆனா எங்காலு மாதிரியே இல்லீங்."

"இல்ல சாமி," என்றாள் தேன்மொழி. "உன்னுது இல்ல."

பிறகு அவள் குழந்தையின் கணுக்காலை விடாமல் நவநீதனை நிமிர்ந்து பார்த்தாள்.